நடராஜா கிளாக்கரின் பகா எண் காவல்

எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த நடராஜாவுக்கு உயிர் இரண்டு இடத்தில் இருந்தது: மகள் கமலாட்சியிடமும் எண்களிடமும். மகள் சொன்ன பேச்சுக் கேட்கமாட்டாள். எண்கள் கேட்கும் என்று நம்பினார்.

எழுபத்தெட்டாம் ஆண்டில், மாத்தளைப் பழைய புத்தகக் கடையில் புஹாரி நானாவிடம், எண்களின் வரலாறு பற்றிய அட்டையில்லாத நூலொன்றை வாங்கினார். கிரேக்கர் ஒருவர் எண்களைச் சலித்துப் பகா எண்களைப் பிரித்தெடுத்த கதையைப் படித்துக் குதூகலித்தார். "நம்ம ஸ்டோர்ல தேயிலைத் தூள் சலிக்கிற வேலைதானே இது!" பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துக் கழித்துப் பொதுக்காரணி காணும் இன்னொரு கிரேக்கரின் வழியும் பிடித்துப்போனது.

அடுத்தது சீன அதிகாரம். இத்தனை நாளைக்கொரு தடவை என்று சுழலும் இரண்டு முறைகள், அந்த எண்களுக்குப் பொதுக்காரணி இல்லாவிட்டால், என்றைக்காவது ஒரே நாளில் விழுந்தே தீரும் என்பது அதில்தான் இருந்தது. சீனா தேயிலையில் நமக்குப் போட்டி நாடு என்று நடராஜா அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளினார். அவருடைய குடியுரிமை விண்ணப்பம் இன்னும் கொழும்பில் தூங்கிக்கொண்டிருந்தது. தேசபக்தி மட்டும் முந்தி வந்துவிட்டது.

கமலாட்சி தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவியாளர். நாலு நாளைக்கொரு தடவை பஸ்ஸில் மாத்தளைக்குப் போய் மருந்து எடுத்து வருவாள். தொழிலாளர் லயத்தில் பிறந்த இருளாண்டி, ஆறு நாளைக்கொரு தடவை தேயிலைப் பெட்டிகளோடு லொறியை மாத்தளைக்கு ஓட்டுவான். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மனசு. தோட்டத்துக்குள் ஆயிரம் கண் என்பதால் பேச வழியில்லை. மாத்தளையிலும் சந்திக்க முடியாது: நாட்களை வரிசையாக எண்ணிவந்தால் அவள் முறை எப்போதும் இரட்டைப்படை நாளில் விழும், அவன் முறை ஒற்றைப்படையில். கிளாக்கர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் உலகம் அழியும்வரை சேராது.

சும்மா இருக்கக் கிளாக்கர் எதற்கு? விஷயம் காதில் விழுந்ததும் கணக்குப் போட்டார். வேண்டாம் என்று வாயால் சொன்னால் தோட்டமே சிரிக்கும். நாலுக்கும் ஆறுக்கும் பொதுவாக ஒரு இரண்டு இருக்கிறதே, காதலுக்குப் பாலம் அதுதான்! கழித்துப் பார்த்து, ஒட்டு உறவே இல்லாத ஐந்தையும் ஏழையும் பிடித்தார். ஆபிஸ் பலகையில் எழுதினார்: மருந்து ஐந்து நாளைக்கு ஒன்று, லொறி ஏழு நாளைக்கு ஒன்று.

நாட்டில் இன்னும் பெரிய ஆட்களும் மனிதரைப் பிரித்துவைக்கும் கணக்கில் மும்முரமாக இருந்த காலம். அவர்களும் ஏதோ ஒரு அதிகாரத்தைப் புரட்டித் தள்ளியிருக்க வேண்டும்.

ஒரு மாதம் ஆவதற்குள் டிஸ்பென்சர் இராமசாமி சந்தோஷமாக வந்தார்.

"இன்னைக்கு உங்க பாப்பா லொறியிலேயே போயிட்டு வந்திருச்சுங்க. மருந்து ஒண்ணும் உடையல. புது முறை ரொம்ப நல்லாருக்குங்க."

நடராஜாவுக்கு முகம் கறுத்தது. பகா எண்ணில் பிழையிருக்காது, எண்தான் சின்னதாகப் போய்விட்டது என்று முடிவுகட்டி, பதினொன்றும் பதின்மூன்றும் போட்டார்.

"காய்ச்சக்காரங்களைப் பதினொரு நாளு பொறுக்கச் சொல்லவாங்க?" என்றார் இராமசாமி.

"பகா எண்ணுய்யா. யாருக்கும் வளையாது."

"காய்ச்சலும் அப்படித்தானுங்களே."

காதலர்கள் புலம்பவில்லை. முறைகள் மறுபடி சேரும் நாளைப் பலகையைப் பார்த்தே எண்ணி எடுத்தார்கள். திருமணப் பதிவுக்கான அறிவித்தலை இருளாண்டி தன் முறையொன்றில் மாத்தளைப் பதிவாளரிடம் கொடுத்துவிட்டான். அந்த நாள் வந்தது. சாயங்காலம் லொறி ஸ்டோர் வாசலில் நின்றபோது, மருந்துப் பெட்டி இறங்குவதற்கு முன்னால் மாலையோடு கமலாட்சி இறங்கினாள்.

"இன்னைக்குத்தான்னு யாருடி சொன்னது?" கிளாக்கர் ஆபிஸிலிருந்து ஓடிவந்தார்.

"நீங்கதான்ப்பா. பலகையில எழுதி வச்சிருந்தீங்களே."

"நீங்க முறை போடலைன்னா நாங்க எங்கங்க மாமா சந்திக்கிறது?" என்று இருளாண்டி நிஜமான நன்றியோடு கும்பிட்டான்.

நடராஜா விரலை மடக்கிச் சரிபார்த்தார். பிழை பிடிக்க ஒன்றுமில்லை. மறுநாள் காலை மருந்துக்கும் லொறிக்கும் ஒரே நாளைப் போட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். முதலில் வாழ்த்த வந்தவர் இராமசாமி.