அண்ணி மாட்டிய ரிலே போர்டு

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும். ஒருமுறை ஸ்க்ரூ டிரைவர் அண்ணனின் காதை உரசிக்கொண்டு போனது. ஆனால் ஒயரைத் தொட்டுவிட்டால் அப்படியொரு பொறுமை. நாங்கள் வேலை பார்த்த அட்டைப்பெட்டிப் பட்டறையில், அட்டையை அழுத்தி வெட்டும் பிரஸ்ஸுக்கு ரிலே போர்டு மாட்டிக்கொடுத்தது அவர்தான். கட்டளை போடும் மைக்ரோகன்ட்ரோலர் ஒரு பக்கம், பிரஸ்ஸை இறக்கும் சுவிட்சான ரிலே மறுபக்கம், இரண்டுக்கும் தனித்தனி பவர் சப்ளை. நடுவில் கட்டளை வெளிச்சமாகத்தான் தாண்டும், கம்பியே கிடையாது. மோட்டார் கிளப்பும் மின்சாரக் குலுக்கல் மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் போய்ச் சேரக்கூடாதே. இரண்டு சப்ளையையும் சேர்க்கும் ஜம்பர் என்ற பொட்டுத் துண்டை அண்ணி முதல் வேலையாகப் பிடுங்கி எறிந்தார்.

போன மாதம் பக்கத்து மெஷினின் பெரிய மோட்டாரை யாரோ போட்டார்கள். நான் எதையும் தொடவில்லை, பிரஸ் தானாக இறங்கியது. வலது கையில் இரண்டு விரல் போச்சு. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. தூங்கி வழிந்துகொண்டே கையை விட்டான் என்று போர்மேன் வாய் கூசாமல் சொன்னார். முதலாளி நம்பினார். வேலையும் போய், பழியும் என் தலையில் விழுந்தது.

கட்டு அவிழ்த்த அன்றே அண்ணி என்னைப் பட்டறைக்கு இழுத்துப்போனார். பெட்டியைத் திறந்தால் ரிலேவின் தனி சப்ளையைக் காணோம். அது போர்மேன் மேஜையில் அவருடைய குட்டி ஃபேனை ஓட்டிக்கொண்டிருந்தது. போர்டில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இணைத்துக்கொண்டு புது ஜம்பர் ஒன்று உட்கார்ந்திருந்தது.

அதனால் என்ன, நல்லாத்தானே ஓடுது என்றார் போர்மேன். அண்ணி விட்ட அறையில் அவர் உதடு கிழிந்தது. மணிக்கட்டை முறுக்கி, கையைப் பிரஸ்ஸுக்கு அடியில் வைத்து அழுத்தினார். சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார்.

"நல்லாத்தானே ஓடுது? டேய், பக்கத்து மெஷின் மோட்டாரைப் போடுடா" என்று அண்ணி என்னிடம் கத்தினார்.

மோட்டார் சுவிட்ச் என் பக்கத்தில்தான் இருந்தது. போர்மேன் அலறினார்.

"போடாதப்பா. சப்ளைய எடுத்துட்டு ஜம்பரை மாட்டுனது நான்தான். அவன் மேல தப்பு இல்ல மொதலாளி."

முதலாளி காதாரக் கேட்டார். நான் காத்திருந்தது அதற்குத்தான். மிச்சமிருந்த விரல்களால் சுவிட்சை அழுத்தினேன்.

மோட்டார் உறுமியது, ரிலே டிக்கென்றது. அண்ணி அந்தக் கையை வெடுக்கென்று இழுத்தார். பிரஸ் வெறும் பலகையில் இடித்தது. போர்மேனின் நகம் ஒன்று பிய்ந்து ரத்தம் கொட்டியது.

அண்ணி போர்மேனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்து அவர் பயந்ததை அன்றுதான் கண்டேன்.

"அவர்தான் ஒத்துக்கிட்டாரேடா. அப்புறமும் ஏன்டா போட்ட?"

தெரிந்தேதான் போட்டேன். அதைச் சொல்லாமல் மோட்டாரை நிறுத்தினேன்.