மாமா தோற்ற ஆட்டம்

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு காட்டுவழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர் என் மாமா. அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு சதுரங்க ஆட்டம். பலகையும் காயும் அல்ல. அங்கே நடந்த போட்டியில், கடைசிச் சுற்றில், தன் சிநேகிதனிடம் தோற்ற ஆட்டம். அது முழுசாக மனப்பாடம். வந்த சூட்டோடு தரையில் கரிக்கோடு இழுத்து, சோளத்தட்டையை நறுக்கிக் காய் செய்து, பாதிக்குக் கரி பூசினார்.

பருத்தி எடுக்கிற நாட்களில் திருச்சுழிப் பக்கம் பகலில் ஊரே புஞ்சைக் காட்டில் இருக்கும். வீட்டுக்குக் காவல் நான். எனக்குக் காவல் மாமா. வெயில் ஏறியதும், “ஏ புள்ள, வா. நீ கறுப்பு” என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது. சிநேகிதன் வைத்ததையெல்லாம், மாமா விரலால் காட்டக் காட்ட, நான் வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ச் சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும். மாமாவின் சிப்பாயோ எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் போனது. வெள்ளைக்காரன் முறையாம். பிறகு அவர் குதிரை, என் குதிரை. ஏழெட்டு நகர்த்தலில் நிறுத்திவிட்டுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மறுபடி முதலிலிருந்து. எங்கே தோற்றோம் என்று தேடுகிறார் என்பது வீட்டார் முடிவு. அம்மா மட்டும் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“அந்தச் சிநேகிதரு நடந்து வாரப்ப காச்சல்ல போயிட்டாரு. மாமாதான் குழி வெட்டிப் பொதைச்சுட்டு வந்தாக. அதப் பத்திக் கேட்டுராத.”

நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது வேறு. வாய் திறந்து பேச ஆளில்லாத அந்தப் பகல்களில், மாமா ஒரு தடவையாவது தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கவேண்டும்.

அவர் தூங்கும்போதெல்லாம் அந்தத் தொடக்கத்தைத் தனியே வைத்துத் துருவினேன். கிடைத்துவிட்டது. கறுப்புக் குதிரை பின்வாங்கும் இடத்தில் முன்னே பாய்ந்தால், ராஜாவும் மந்திரியும் ஒருசேர மாட்டிக்கொள்வார்கள். மறுநாள் குதிரையைப் பாய்ச்சினேன்.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அவன் அப்படி வைக்கமாட்டானே.”

“நாந்தான மாமா வச்சேன்?”

காய்களை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு எழுந்து போனார். அதன்பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை.

ஒரு சின்னப் பிள்ளையிடம் தோற்றதற்கு இவ்வளவு ரோஷமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கரி அழியும்வரை அந்தக் கட்டங்களின் முன்னால் தனியாகவே உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஆளில்லாமல் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. என் இடத்தில் மாமா அத்தனை நாளும் யாரை உட்கார்த்தி வைத்திருந்தார், நான் யாரை எழுப்பி விரட்டினேன் என்பதுதான் அப்போது தெரியவில்லை.