விலைக்கு மேலே இருந்த படம்

இணையக் கடைகள் புதிதாக வந்த காலம். எங்கள் ஊர் முண்டு மிளகாய் வத்தலை விற்க ராமநாதபுரத்தில் அறை பிடித்தேன். விடியற்காலையில் உட்கார்ந்து, மதியம் மூன்று மணிக்குத்தான் தளத்தைத் திறந்தேன். முகப்பில், களத்தில் வத்தல் காயப்போடும் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வியின் படம். அதன் கீழே கிலோ விலை.

ஐந்து மணிக்கு அவள் அண்ணன் அரிவாளோடு வந்தான். துபாயில் இருக்கும், அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போன் செய்திருக்கிறான்.

“ஏலே, என் தங்கச்சிக்கா வெல போட்டுருக்க?”

முதல் வெட்டில் கம்ப்யூட்டர் திரை பிளந்தது. அடுத்தது, தடுத்த என் கையில் இறங்கியது.

“படத்த அழிச்சிர்றேன்” என்று கெஞ்சினேன். அழிக்கத் திரை இல்லை. ரத்தம் சொட்டச் சொட்ட பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அரிவாளோடு பின்னால் நின்று, படம் மறைந்ததைப் பார்த்த பிறகே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

இப்போது கேட்காமல் யாரையும் படம் எடுப்பதில்லை. கல்யாணம் நின்றுபோன செல்வி, நான் கேமராவை எடுத்தாலே களத்தைவிட்டுப் போய்விடுகிறாள்.