இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் "வேணாங்க" என்பார். அதைக் கேட்டு யாரும் அடுப்பை அணைத்துவிட மாட்டார்கள். இன்னொரு தடவை கேட்க வேண்டும், அப்புறம்தான் வாங்கிக் குடிப்பார். முதல் தடவையே சரி என்றால் காய்ந்து கிடந்தவர் என்று நினைப்பார்கள். இந்த வழக்கத்தால்தான் எனக்கு வரவேண்டிய நாற்காலி பக்கத்து வீட்டுக்காரிக்குப் போனது.

அந்த நாற்காலி பதுளையில் ஒரு கூட்ட அறையில் இருக்கிறது. மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று டாக்டர்கள் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார்கள். பெண்களிடம் என்னென்ன கேட்பது என்று முடிவு செய்யும் இடத்தில், நோயை அனுபவித்தவர்களும் உட்கார வேண்டுமாம். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருத்தியைத் தேடி, ஆய்வில் வேலை பார்க்கும் மிஸ் ஒருவர் மடுல்சீமைப் பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார்.

லயத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் நானும் பக்கத்து வீட்டுக்காரியும்தான். அவள் கொழுந்து பறிக்கிறவள். நான் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். நோய் முதலில் வந்தது எனக்கு. அவளைக் கையைப் பிடித்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனது நான். முடி கொட்டியபோது தலையில் துணி கட்டிவிட்டதும் நான்.

மிஸ் முதலில் என் வாசலுக்குத்தான் வந்தார்.

"கூட்டத்துக்கு நீங்க வாறீங்களா அக்கா?"

"ஐயோ, எனக்கு என்னங்க மிஸ் தெரியும்?" என்றேன். சொல்லிக்கொண்டே, எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போவது என்று யோசித்தேன். டவுனில் வளர்ந்த அந்தப் பிள்ளை, "சரி, பரவாயில்ல அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டது.

"வாறேன் மிஸ். எப்ப?" என்று அவள் குரல் கேட்டது. கொஞ்சங்கூட வெட்கம் கிடையாது.

அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் மாதக்கணக்காக அணையவில்லை. கூட்ட நாளில் அவள் தலை சீவி, பவுடர் போட்டு, என் வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போவாள். திரும்பி வரும்போது தோளில் ஒரு துணிப்பை தொங்கும். "டாக்டரம்மா என்னைய பக்கத்துல ஒக்கார வச்சாங்க அக்கா" என்பாள். நான் அரிசியில் கல் பொறுக்குவேன். கல்லே இல்லாத அரிசியிலும் பொறுக்கினேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என் கதையை எடுத்துப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்களுக்குக் குளியல் பீலியில்தான். மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து கொட்டும். பெண்கள் நெஞ்சுக்கு மேலே துணியைக் கட்டிக்கொண்டு ஒன்றாக நின்று குளிப்போம். நனைந்த துணி எதையும் மறைக்காது. ஒரு பக்கம் இல்லாமல் போன பிறகு, எல்லாரும் குளித்து முடிக்கும்வரை காத்திருந்து கடைசி ஆளாகத்தான் போவேன். யாராவது வந்துவிட்டால் சோப்புப் போட்டது போட்டபடி முதுகைத் திருப்பிக்கொள்வேன். இதை நான் அவள் ஒருத்தியிடம்தான் சொன்னேன். அவள் கொழுந்துக் கறை பிடித்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு நாள் கூட்டத்திலிருந்து வந்து, "பீலி கதைய சொன்னேன் அக்கா. கேள்வியில சேத்துட்டாங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அவமானம் என்னுடையது, பேர் அவளுக்கா? உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

கேள்விகளைச் சரிபார்க்க மிஸ் மறுபடி வந்தார். முதலில் சில பேரிடம் கேட்டுப் பார்ப்பார்களாம். ஒருவருக்கும் பொருந்தாத கேள்வியை எடுத்துவிடுவார்களாம். கை வீங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் தயங்கினார்.

"குளிக்கிறப்ப மத்தவங்க பாத்துருவாங்கன்னு ஒளிஞ்சு குளிக்கிறீங்களா? டாக்டர்மார் இது தேவையில்லன்னுதான் சொன்னாங்க. பக்கத்து வீட்டு அக்காதான் விடவே இல்ல. இந்தக் கேள்வி நெலச்சு இருந்துச்சுன்னா, லயத்துல மறைவா குளிக்க எடம் வேணும்னு ஆய்வுல எழுதலாமாம்."

அந்தக் கேள்வியின் உயிர் என் வாயில் இருந்தது. எனக்கு அது இனித்தது.

"இல்லைங்க மிஸ். எனக்கென்ன வெக்கம்?" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். லயத்துச் சுவர் கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். அவள் என்ன பெருமை அடிக்கிறாள் என்று கேட்கலாமே என்று சுவரோரம் போய் நின்றேன்.

அதே கேள்வி.

"நான் பீலிக்கே போறதில்ல மிஸ்" என்றாள். கூட்டத்துக்குப் போகும் குரலாக அது இல்லை. "வாளியில மொண்டாந்து, கதவச் சாத்திக்கிட்டு அடுப்படியிலயே ஊத்திக்கிறேன். எம் புருசனக்கூட வெளிய அனுப்பிருவேன். பக்கத்து வீட்டு அக்கா கடைசி ஆளாவாச்சும் பீலிக்குப் போறாங்க. அந்தத் தைரியம் எனக்கில்ல. ஈரத் தலையோட அவங்க வாறதப் பாத்தா எனக்கு வயிறெரியும்."

அவள் சொன்னது என் கதை இல்லை, அவளுடையதுதான். அதைக் கூட்டத்தில் சொல்லும் தைரியமும் அவளுக்குத்தான் இருந்தது. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் கால் சுவரோரம் நிற்கவில்லை.

மிஸ் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் மிஸ்ஸிடம் போனேன்.

"அந்தக் குளிக்கிற கேள்விய எங்கிட்ட இன்னொரு தடவ கேளுங்க மிஸ்."