டெல்லியில் ஒரு நங்கூரம், மெட்ராஸில் ஒரு நங்கூரம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. ஆனால் டெல்லியில் ஒரு மந்திரியையும் மெட்ராஸில் ஒரு மந்திரியையும் என் கேள்விக்கு எழுந்து நிற்க வைத்தவன் நான். எங்கள் கடற்கரையில் பி.ஏ. படித்தவர்கள் உண்டு, பி.எல். படித்தவர்கள் உண்டு. அவர்களில் யாராவது ஒருவர் இதைச் செய்திருந்தால் வந்து சொல்லட்டும், நான் இந்தப் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

நடந்தது நமக்குச் சுதந்திரம் வந்து, அடுத்தாற்போல் இலங்கையும் தனி நாடாகிவிட்ட சமயம். நான் அப்போது தோணியில் தண்டல். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். பாய் விரிப்பதும் சுருட்டுவதும் அவன் சொல்லுக்குத்தான். தண்ணீர் இறைக்கிறவனாக ஏறி, முப்பது வயதுக்குள் தண்டல் ஆனவன் நான். சிபாரிசு ஒன்றும் கிடையாது. தூத்துக்குடியில் வெங்காயமும் வத்தலும் ஏற்றிக் கொழும்பில் இறக்குவோம். கொழும்பு எங்களுக்கு அடுத்த தெரு மாதிரி. சரக்கு இறங்க வேண்டும், திரும்புகாலுக்குச் சரக்கு கிடைக்க வேண்டும், காற்று ஒத்து வர வேண்டும். சில நடைகளில் ஒரு மாதம்கூட அங்கேயே கிடப்போம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடிக்கிற வைகாசி முதல் ஆவணி வரை மட்டும் தோணிகளைக் கட்டிப் போட்டுவிட்டு வீட்டில் இருப்போம்.

வீடு என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. துறைமுகத்தை ஒட்டி மணலில் போட்ட ஓலைக் குடிசைகள் அவை. அறுபதுக்கு மேல் இருக்கும், எல்லாம் தோணிக்காரர் குடும்பங்கள். அந்த மணலில் சரக்குக் கிட்டங்கி கட்டுவதென்று சர்க்கார் முடிவு செய்தது. குடிசையில் இருப்பவர்களுக்கு ஊருக்குள் மனையும் ஓட்டு வீடும் தருவதாகச் சொன்னார்கள். எங்கள் பெண்கள் யாருக்குக் கிழக்கு வாசல், யாருக்கு மேற்கு வாசல் என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் பங்குனியில் ஒரு நடை போய்விட்டுத் திரும்பியபோது, என் மனைவி துறையில் வந்து நிற்கிறாள். அவள் துறைக்கு வருகிற வழக்கமே இல்லை.

"ஏளா, இங்கன என்ன செய்யுத?"

"வெளிநாட்டுக்காரர் ஒருத்தரப் பாக்க வந்தேன்."

"எந்த வெளிநாட்டுக்காரன்?"

"நீங்கதான். நானா சொல்லுதேன்? சர்க்கார்ல எழுதிட்டுப் போயிருக்காவ."

நாங்கள் கடலில் இருந்த நாட்களில் வீட்டுக் கணக்கெடுக்க ஒரு குமாஸ்தா வந்திருக்கிறார். குடிசைக்குக் குடிசை, "குடும்பத் தலைவர் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். பெண்கள் உள்ளதை உள்ளபடி, "கொழும்புல" என்றிருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு பெயருக்கும் நேரே, "வெளிநாட்டில் வசிப்பவர்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வெளிநாட்டில் வசிப்பவனுக்கு இங்கே எதற்கு வீடு? அதனால் வீடு இல்லை. கால் முறிந்து குடிசையில் கிடந்த தோணிச் சமையற்காரன் ஒருவனுக்கு மட்டும் வீடு உறுதியாகியிருந்தது. அவன் அந்தக் காலை வெகுநாள் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

"நீ ஒண்ணும் சொல்லலையா அந்த ஆள்ட்ட?"

"சொன்னேன். நாளைக்கு வந்திருவாவ, நாளான்னைக்கு வந்திருவாவன்னேன். வந்தப்புறம் எழுதிக்கிடுதேன்னு போனவரு, வரவே இல்ல. குடிசையெல்லாம் புரட்டாசிக்குள்ள பிரிச்சிரணுமாம். நீங்க புரட்டாசியிலதானே பாய் விரிப்பிய? நான் எந்த வாசல்ல நிக்கட்டும்? அதச் சொல்லிட்டுப் போங்க."

அன்று சாயங்காலமே கரையில் இருந்த தோணிக்காரர்களையெல்லாம் கூட்டினேன்.

மனு எழுதிப் போட்டோம். அறுபது பேர் கைநாட்டு. நான் மட்டும் கையெழுத்து. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றிய விஷயம் டெல்லி சர்க்காரைச் சேர்ந்தது, மெட்ராஸ் சர்க்கார் இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்துச் சட்டசபை மெம்பரிடம் போனேன். அவர் வக்கீல். நல்ல மனிதர்; ஆனால் எதையும் முடியாது என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

"இது முடியாது வேய்," என்றார். "நான் சபையில கேள்வி போடலாம். மந்திரி எந்திரிச்சு, இது வெளிநாட்டு விவகாரம், டெல்லியில கேளுங்கம்பாரு. முடிஞ்சு போச்சு."

"அப்ப டெல்லியில கேளுங்க."

"டெல்லியிலயா? வீட்டப் பத்தி டெல்லியில கேட்டா, அது மெட்ராஸ் விஷயம்பான். அவன் இங்கன தள்ளுவான், இவன் அங்கன தள்ளுவான். நீரு நடுவுல நிக்கணும்."

எனக்கு அப்போது தோணிதான் ஞாபகம் வந்தது. நெருக்கமான துறையில் ஒரே நங்கூரம் போட்டால் தோணி காற்றுக்குத் தகுந்தபடி சுற்றும். காலையில் தெற்கே பார்க்கும், சாயங்காலம் வடக்கே பார்க்கும், பக்கத்துத் தோணியை இடித்து உடைக்கும். அதனால் தலைப்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு போடுவோம். பிறகு எந்தக் காற்று அடித்தாலும் தோணி அசையாது. மந்திரிமாரும் அப்படித்தானே?

"ஐயா, டெல்லியில வீட்டப் பத்தி ஒரு வார்த்த கேக்க வேண்டாம். கொழும்புக்குத் தோணி ஓட்டுதவன் எந்த ஊர்க்காரன்னு மட்டும் கேக்கச் சொல்லுங்க. மெட்ராஸ்ல கொழும்பப் பத்தி ஒரு வார்த்த வேண்டாம். வீடு ஏன் இல்லன்னு மட்டும் கேளுங்க. ஆனா டெல்லி மொதல்ல. அந்தப் பதில் கையில வந்தப்புறம் மெட்ராஸ்."

"நீரு எத்தன கிளாஸ் படிச்சீரு?" என்றார்.

"மூணு."

"நல்லவேள. நாலாம் கிளாஸ் படிச்சிருந்தா என் பொழப்பு போயிருக்கும்."

டெல்லியில் அவருக்குத் தெரிந்த மெம்பர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கடிதம் போயிற்று. கேள்வி இரண்டே வரி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர்களை இலங்கையில் குடியேறியவர்களாக நம் சர்க்கார் கருதுகிறதா? இல்லையென்றால் அவர்கள் எங்கே வசிப்பவர்கள்? வெளிநாட்டு விவகாரத்துக்குப் பதில் சொல்கிற மந்திரிக்கு அன்று வேறு எத்தனையோ பெரிய தேசங்களின் கவலை இருந்திருக்கும். இருந்தாலும் எழுந்து பதில் சொன்னார். அவர்கள் குடியேறியவர்கள் அல்ல, கப்பல் மாலுமிகளைப் போலச் சரக்கு இறக்கிவிட்டுத் தங்கள் துறைமுகத்துக்குத் திரும்புகிறவர்கள், தூத்துக்குடியில் வசிப்பவர்கள் என்றார். அச்சடித்த காகிதம் தபாலில் வந்தது. எங்கள் மெம்பர் அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். நான் மூன்று முறை சொல்லச் சொன்னேன்.

சபைக் கேள்வியைப் பல நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும் என்பதால், மெட்ராஸ் கேள்வியை மெம்பர் அதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். சபை கூடுகிற நாளுக்கு அவரோடு நானும் மூன்றாம் வகுப்பில் ரயில் ஏறினேன். சபை நடக்கிற கோட்டைக்குள் வெறுங்காலோடு விட மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, அங்கே ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். அது கடித்த கடி இன்னும் நினைவிருக்கிறது. என் காலை அங்கே ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை.

சபையில் கேள்விக்கென்று காலையில் ஒரு நேரம். அதற்குள் நம் கேள்வியின் முறை வர வேண்டும். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் நமக்கு முந்தின கேள்வியில் நேரம் முடிந்துவிட்டது. அன்று மத்தியானம் தோணி முதலாளியிடமிருந்து தந்தி. சரக்கு ஏற்றியாகிவிட்டது, உடனே வராவிட்டால் வேறு தண்டலை வைத்து அனுப்பிவிடுவேன் என்று இருந்தது. புரட்டாசி பிறக்க இரண்டு நாள்தான் பாக்கி.

மெம்பர் தந்தியைப் படித்துச் சொல்லிவிட்டு, "நீரு போம். நான் கேட்டுக்கிடுதேன்," என்றார்.

"நான் போனா, கேள்வி கேட்டவனும் வெளிநாட்டுல இருக்கான்னு எழுதிருவாவ. நான் இருக்கேன்."

வாய் பேசிவிட்டது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. தண்டல் இடம் போனால் மறுபடியும் எவனுக்கோ கீழே கயிறு இழுக்க வேண்டும். இருந்தும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு போய், மேலே பார்வையாளர் இடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

அங்கே பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். இங்கிலீஷ் பேசும்போது நான் முகத்தைப் பார்ப்பேன். பாயைப் பார்த்துக் காற்றைச் சொல்கிறவனுக்கு முகம் பார்த்து விஷயம் சொல்வது பெரிய வேலையா? எங்கள் முறை வந்தது. மெம்பர் எனக்காகத் தமிழிலேயே கேட்டார். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய குடிசைக்காரர்களுக்கு ஏன் வீடு இல்லை? வீட்டு விஷயம் பார்க்கிற மந்திரி எழுந்து, கையில் இருந்த காகிதத்தைப் படித்தார். அந்தக் குடும்பத் தலைவர்கள் வெளிநாட்டில் வசிக்கிறார்கள், வெளிநாட்டு விவகாரம் இந்த சர்க்காரின் பொறுப்பில் இல்லை. மனுவுக்கு வந்த அதே பதில். படித்துவிட்டு உட்கார்ந்தார்.

எழுதிக் கொடுத்த கேள்விக்கு எழுதி வைத்த பதில்தான் வரும். அதற்குப் பின்னால் கேட்கிற துணைக் கேள்விக்கு மந்திரி தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். இதை மெம்பர் எனக்கு ரயிலில் சொல்லியிருந்தார். இப்போது அவர் மறுபடி எழுந்தார்.

"இவர்கள் தூத்துக்குடியில் வசிப்பவர்கள் என்று டெல்லியில் மந்திரி பதில் சொல்லியிருப்பது இங்கே மந்திரிக்குத் தெரியுமா?"

மந்திரி பின்னால் திரும்பி அதிகாரிகளைப் பார்த்தார். ஒரு சீட்டு வந்தது. அதைப் பார்த்துவிட்டு, விசாரித்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். மெம்பர் அச்சடித்த காகிதத்தை அவரிடம் கொடுத்தனுப்பினார். அவர் அதை நின்றபடியே படித்தார்.

"டெல்லி இவர்களைத் தூத்துக்குடிக்காரர் என்கிறது. மெட்ராஸ் வெளிநாட்டுக்காரர் என்கிறது," என்றார் மெம்பர். "இரண்டும் சரி என்றால், தூத்துக்குடி எந்த நாட்டில் இருக்கிறது என்பதை மந்திரி தயவுசெய்து தெரிவிக்க வேண்டும்."

இரண்டு பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். மந்திரியும் சிரித்தார், தோற்றதை அழகாக ஒத்துக்கொள்ளத் தெரிந்தவர். தூத்துக்குடி நம் நாட்டில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கணக்கு புதிதாக எடுக்கப்படும், அதுவரை ஒரு குடிசையையும் பிரிக்க மாட்டார்கள், கடலுக்குப் போயிருக்கிறவர்கள் ஊரில் இருப்பவர்களாகவே எழுதப்படுவார்கள் என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். காவல்காரர் வந்து தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். ஒருவர் சொல்லி நான் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். அந்தத் தூத்துக்குடி எந்த நாடு என்ற வரி என்னுடையது, ரயில் மதுரையைத் தாண்டும்போது நான் சொன்னது. பிற்காலத்தில் மெம்பர் மேடைகளில் அதைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டார். ஓட்டுக் கேட்கிறவர், சொல்லிக்கொள்ளட்டும்.

ஊருக்கு வந்தால் என் தோணி வேறு தண்டலோடு போய்விட்டிருந்தது. முதலாளி சொன்னபடி செய்துவிட்டார். அதனால் என்ன? அந்த வாரமே இரண்டு முதலாளிகள் ஆள் அனுப்பினார்கள். மந்திரியைத் திருப்பியவன் தோணியைத் திருப்ப மாட்டானா என்று ஒருவர் கேட்டாராம். அவர் தோணியில் ஏறினேன். கொழும்பில் போய்ச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நாட்களில் இங்கே கணக்கெடுக்க வந்துவிட்டார்கள். மறுபடியும் நான் ஊரில் இல்லை.

திரும்பி வந்தபோது என் மனைவி துறைக்கு வரவில்லை. குடிசை வாசலில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"அதே ஆளுதான் வந்தாரு," என்றாள். "குடும்பத் தலைவர் எங்கம்மான்னாரு. கொழும்புலன்னேன். வேணும்னுதான் சொன்னேன்."

"ஏளா, கொழும்புன்னா சொன்ன?"

"பின்ன, நீங்க பேசிட்டு வந்த பேச்சு உண்மையா பொய்யான்னு பாக்க வேண்டாமா?"

"என்ன செஞ்சாரு?"

"பேனாவத் தொறந்தாரு. என் மொகத்தப் பாத்தாரு. தூத்துக்குடின்னு எழுதினாரு. எழுத்துக்கூட்டிப் படிங்கன்னேன், படிச்சாரு. கீழ என்னைக் கைநாட்டும் வைக்கச் சொன்னாரு."

அவள் மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். உள்ளே போய், மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். வீட்டு எண் இருந்தது, என் பெயர் இருந்தது, வசிக்கும் ஊர் இருந்தது. மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு அதை வாசிக்கத் தாராளமாக முடிந்தது.

"கிழக்குப் பாத்த வாசல்," என்றாள். "இனி நீங்க எங்க வேணும்னாலும் போயிட்டு வாங்க."