சிலுவைக்குப் பிறகு அவர் போன இடங்கள்

காலை முறித்துக்கொண்டு வீட்டில் கிடந்த மாதங்களில்தான், இயேசு சிலுவையில் சாகவே இல்லை என்று முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

முல்லைத்தீவுக் கரையில் மீன் வாங்கி வவுனியாவுக்கு ஏற்றுவது என் தொழில். தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் முரசுமோட்டைப் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்து, மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்தேன். காலுக்குள் கம்பி வைத்து அனுப்பினார்கள். விறாந்தையில் ஒரு கட்டில், கையில் ஃபோன். மீன் விலை பார்க்கப் போய், கிரிக்கெட் பார்க்கப் போய், கடைசியில் அந்த வீடியோக்களில் போய் நின்றேன்.

சிலுவையிலிருந்து இறக்கியபோது அவருக்கு உயிர் இருந்தது என்றார் ஒருவர். மருந்து பூசிக் காயத்தை ஆற்றி, வியாபாரிகளோடு கிழக்கே அனுப்பிவிட்டார்களாம். பனிமலை அடிவாரத்தில் பெண்சாதி பிள்ளைகளோடு இருந்து, கிழவராகித்தான் செத்தாராம். சிலுவையில் தொங்கியதே வேறொரு ஆள் என்றார் இன்னொருவர். ஊர் ஊராகத் திரிந்த பல போதகர்களை ஒன்றாக உருட்டிச் செய்த ஆள் அவர் என்று ஒரு வீடியோ. ரோமாபுரி அரண்மனையில் இருந்துகொண்டு சனத்தை அடக்குவதற்காக எழுதிய கதை என்று மற்றது. எல்லாரும் ஆதாரம் வைத்திருந்தார்கள். ஒருவருடையதை மற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை.

என் விசுவாசம் ஒன்றும் ஆட்டம் காணவில்லை. எங்கள் குடும்பம் எப்படிக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தது என்பதற்கே வீட்டில் இரண்டு கதை உண்டு. காய்ச்சலில் கிடந்த பிள்ளை ஒரு குருவானவர் தொட்டுச் சுகமானது என்பார் அப்பா. பறங்கியரின் கப்பலுக்கு மீன் கொடுத்தவர்கள் அவர்களோடு கோயிலுக்கும் போனார்கள் என்பார் சித்தப்பா. இரண்டையும் கேட்டுக்கொண்டே நாங்கள் வளர்ந்தோம். யாரும் பூசைக்குப் போகாமல் விட்டதில்லை. ஆனாலும் மனைவிக்கு அந்த வீடியோக்கள் பிடிக்கவில்லை.

"தவக்காலத்தில பாக்கிற சாமானே இது? அந்தக் கோதாரியை நிப்பாட்டுங்கோ" என்று சமைத்துக்கொண்டே குசினிக்குள் இருந்து கத்துவாள்.

அந்தக் குசினியில் அவளோடு அவளுடைய அக்காவும் இருந்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போரின் கடைசி மாதங்களில் நாங்களெல்லாம் உடையார்கட்டில் ஒரே பங்கருக்குள் இருந்தபோது, கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன அக்காவின் ஒரே மகன் திரும்பி வரவில்லை. மீசை அரும்பிக்கொண்டிருந்த வயது. செத்ததைக் கண்டவர்களும் இல்லை, பிடித்துக்கொண்டு போனதைக் கண்டவர்களும் இல்லை. எத்தனையோ இடங்களில் தேடி, கேட்டு, ஒருநாள் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். அவனுடைய பெயரை அதன் பிறகு வீட்டில் யாரும் சொல்வதில்லை. கார்த்திகையில் எல்லாரும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது அவர் மட்டும் வீட்டில் நிற்பார்.

ஒருநாள் முற்பகல், மீன் வெட்டிய ஈரக் கையோடு அக்கா என் கட்டிலுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, அதைத் திருப்பிப் போடுங்கோ. முதல்ல இருந்து."

கிழக்கே போன கதை. கையைத் துடைக்காமலே நின்று முழுவதையும் பார்த்தார்.

"அவர் அங்கால போன பிறகு தாய் எங்க இருந்தவா?"

"இதில சொல்லேல்லை அக்கா. தாயையும் கூட்டிக்கொண்டு போனவர் எண்டு வேறொருத்தர் சொல்லுறார். தாய்க்குத் தெரியவே தெரியாது எண்டும் சொல்லுகினம்."

"இவ்வளவு கதை கட்டினவை, ஒருத்தரும் அதை வடிவா யோசிக்கேல்லை." கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்தார். "உயிரோட இருந்தவர் எண்டால் தாய்க்கு ஒரு சொல் அனுப்பியிருப்பார். அனுப்பேல்லை. அப்ப செத்துத்தான் போனார்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். யாரைப் பற்றிச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது.

அடுத்த கிழமை விசுவமடுவிலிருந்து என் சிநேகிதன் ஒரு பை கச்சான் கடலையோடு என்னைப் பார்க்க வந்தான். அவனுடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டக்காட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். போர் முடிந்து அடைபட்ட முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தபோது பழகினோம். பொழுதுபோக்காக அவனுக்கு வீடியோக் கதையைச் சொன்னேன்.

"நம்ம பக்கம் வந்திருந்தாருன்னா சந்தோஷந்தாண்ணே. இன்னும் ரெண்டு கும்பிடு கூடப் போட்டுட்டுப் போறேன்" என்று சிரித்தான்.

அப்படி வந்திருந்தால் தாய்க்குச் சொல்லி அனுப்பியிருப்பார் என்று அக்கா நினைப்பதைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது.

"அப்பிடிச் சொல்ல முடியாதுண்ணே. எங்க தாத்தா கப்பலேறித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரு. எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்குப் போறவங்ககிட்ட சொல்லிச் சொல்லி விட்டிருக்காரு. ஒண்ணும் போய்ச் சேரல. ரொம்பக் காலம் கழிச்சு அந்த ஊர்க்காரர் ஒருத்தர் தோட்டத்துக்கு வந்தாராம். தாத்தாவப் பாத்ததும் ஆடிப் போயிட்டாராம். 'டேய், நீ செத்துட்டேன்னு ஒங்க ஆத்தா காரியமே பண்ணிட்டாடா'ன்னு. தாத்தா அப்ப புள்ளகுட்டிக்காரரு."

தேநீரோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டதை அப்போதுதான் கண்டேன்.

"பிறகெண்டாலும் தாயைப் போய்ப் பாத்தவரே?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அதுக்குள்ள அந்தம்மா போய்ச் சேந்துட்டாங்க."

அக்கா தேநீரைக் கதிரையில் வைத்தார். "உங்கட தாத்தா இஞ்ச நல்லா இருந்தவரோ?"

"கஷ்டந்தாம்மா. ஆனா சிரிச்ச மூஞ்சி. சின்னப் புள்ளைங்கன்னா உசுரு."

"அது போதும்" என்றார் அக்கா.

மறுநாள் மனைவியோடு இறால் உடைத்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் சொன்னார்: "அவனுக்கு இப்ப தலைமயிர் கொட்டுண்டிருக்கும். தேப்பன்ர ஆக்கள் எல்லாருக்கும் வழுக்கை."

மனைவியின் கை அப்படியே நின்றது. "குளிர்நாட்டில எண்டால் தொப்பி போட்டு மறைச்சிருப்பான்" என்றேன்.

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலம்.

அதன் பிறகு பின்னேரங்களில் விறாந்தையில் அந்தக் கதை நடந்தது. ஒருநாள் அவன் கனடாவில் லொறி ஓட்டினான். குளிர் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அக்கா அவனை அங்கிருந்து கிளப்பி, தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கடையில் வேறு பெயரோடு வேலைக்கு வைத்தார். ஒரு பெண்குழந்தை பிறந்தது. சில நாட்களில் "இல்லாட்டி அண்டைக்கே அந்தக் கிணத்தடியில..." என்று தொடங்கி நிறுத்துவார். அதையும் நாங்கள் மறுக்கவில்லை.

"அக்காவுக்கு விசர் பிடிக்கப் போகுது, எல்லாம் உங்களால" என்று மனைவி என்னிடம் அழுதாள். பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அக்கா முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டார், நன்றாக நித்திரை கொண்டார். ஒருநாள் நான் அவனை ஏதோ ஒரு நாட்டில் மீன்பிடிக் கப்பலில் ஏற்றியபோது, பேசாமல் இருந்த மனைவியே குறுக்கிட்டாள்: "கடலுக்கோ? வள்ளத்தில ஏறினாலே சத்தி எடுக்கிறவன்! வேற வேலை பாருங்கோ."

பெரிய வெள்ளியன்று ஊன்றுகோலோடு கோயிலுக்குப் போனேன். சிலுவையிலிருந்து இயேசுவின் சொரூபத்தை இறக்கி, பாடைபோன்ற ஆசந்தியில் கிடத்தி, தூக்கிக்கொண்டு சுற்றி வந்து முன்னால் வைப்பார்கள். சனம் வரிசையாகப் போய்க் காலை முத்தமிடும். அக்கா எப்போதும் கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டு வருபவர். இந்த முறை எழும்பிப் போனார். குனிந்து முத்தமிட்டு, காலில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பின்னால் நின்றவர்கள் அவரை அவசரப்படுத்தவில்லை.

ஓட்டோவில் வரும்போது, "பலகை எண்டாலும் கால் சில்லெண்டு கிடந்தது, தம்பி" என்றார்.

பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு அக்காவின் மகனுடைய பிறந்தநாள் வந்தது. அவன் பெயரைப் பூசைக்குக் கொடுக்க வேண்டும் என்றார் அக்கா. நான்தான் பங்குச் சுவாமி தங்கியிருக்கும் அறைவீட்டுக்குப் போனேன். சுவாமி பெயரைக் கேட்டார். பிறகு, "செத்தவையின்ர ஆன்ம இளைப்பாற்றிக்கோ, இருக்கிறவையின்ர சுகத்துக்கோ?" என்றார்.

அங்கே நின்றே அக்காவுக்கு ஃபோன் எடுத்து அதைக் கேட்டேன்.

"பேரை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கோ" என்றார்.

அதைச் சுவாமியிடம் சொல்லி, எல்லாம் என்னால் வந்ததோ என்று வீடியோ விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவரும் அவற்றைப் பார்த்திருந்தார்.

"அவர் செத்து உயிர்த்தவர் எண்டுதான் நான் பிரசங்கம் வைக்கிறன். அதில மாற்றமில்லை. ஆனா, சாகாமலே எங்கயோ இருந்திருக்கலாம் எண்டு ஆக்கள் ஆசைப்படுறது எனக்கு விளங்குது." பேனையை மூடிவைத்தார். "பேரை மட்டும் வாசிக்கிறன்."

பிறந்தநாள் பூசையில் அப்படியே வாசித்தார், ஒரு நோயாளியின் பெயருக்கும் இறந்துபோன ஒரு பெரியவரின் பெயருக்கும் நடுவில். அக்கா நிமிர்ந்து இருந்தார். பூசை முடிந்து வெளியே வந்தபோது, புதிதாகக் குடிவந்த ஒரு பெண், "ஆரக்கா அது, உங்கட பேரில வாசிச்சது?" என்று கேட்டாள்.

"என்ர மகன்" என்றார் அக்கா. "சரியான குழப்படி. சின்னனிலயே ஒரு இடத்தில இருக்க மாட்டான்."

அவர்கள் வேப்பமர நிழலில் நின்று கதைக்கத் தொடங்கினார்கள். அவசரமில்லை என்று ஓட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு நானும் மனைவியும் உள்ளே ஏறி இருந்தோம்.