பின் சக்கரத்தின் உட்புறம்

அப்துல் ஹக்கீம் முதலில் காரின் பானெட்டைத்தான் தொடுவார். சூடாக இருந்தால், "செத்த நேரம் ஆறட்டும்ப்பா, சூட்டுல ரப்பர் பொய் சொல்லும்" என்று காத்திருப்பார். பிறகு பிளாஸ்டிக் ஸ்டூலைச் சக்கரத்தருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டயரின் காடிக்குள் நகத்தை விட்டு ஆழம் பார்ப்பார். அடுத்து உள்ளங்கையால் முன்னும் பின்னுமாகத் தடவுவார். ஒரு பக்கம் வழுக்கி, திரும்பும்போது பூனை நாக்குப் போலச் சொரசொரத்தால் சக்கரம் கோணியிருக்கிறது. "அலைன்மெண்ட் போச்சு. சீனி வாங்கப் போறவன் பக்கத்து வீட்டப் பாத்துக்கிட்டே நடக்குற மாதிரி ஓடுது உன் வண்டி."

அந்தக் கை வெகுகாலம் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் தரம் பிரித்த கை. கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை முழுவதும் போன பிறகு, பொழுது போகவேண்டுமே என்று நத்தம் சாலையில் அக்கா மகன் ஹஸ்ஸானின் டயர் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். "தோலும் டயரும் ஒண்ணுதான். எங்க எம்புட்டு உழைச்சிருக்கோ அங்க அம்புட்டு மெலிஞ்சிருக்கும்" என்பார். இதில் அற்புதம் ஒன்றும் இல்லை. கண்ணுள்ளவர்களும் தொட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே பார்த்துவிட்டோம் என்ற நினைப்பு அவர்களைத் தொடவிடுவதில்லை, அவ்வளவுதான்.

தேய்த்த வெள்ளைச் சட்டை இல்லாமல் அவர் வெளியே வருவதில்லை. பயனில்லாத மூக்குக் கண்ணாடியைத் தினமும் துடைத்து மாட்டிக்கொள்கிறார். கறுப்பு ரப்பரோடு பழகும் மனிதர் நாளெல்லாம் கேட்கும் கேள்வி, "ஏலே ஹஸ்ஸான், சட்டையில கறை இருக்கா?" என்பதுதான். "இல்ல மாமு, பொண்ணு பாக்கப் போலாம்" என்பான் அவன். யாராவது கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட வந்தால் கோபம் வரும். தன் கண் போனாலும் தன்மேல் விழும் கண்கள் போவதில்லை என்பதை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு.

அவருக்குத் தொல்லை தருவது டயரின் உள் ஓரம். முன் சக்கரமென்றால் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பச் சொன்னால் அந்த ஓரம் வெளியே வந்துவிடும். பின் சக்கரத்துக்கு ஜாக்கி போடவேண்டும், அல்லது மண்ணில் படுத்துக் கையை உள்ளே வளைத்துவிட வேண்டும். முன்பெல்லாம் படுத்தார். ஒருநாள் அப்படிப் படுத்திருக்கும்போது எதிரே பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், "யாருக்கா அது, வெள்ளச் சட்டை, விடிஞ்சதும் ஏத்திட்டு ரோட்டுல கெடக்குறது?" என்றாள். பக்கத்து டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. வாழ்நாளில் குடியின் பக்கம் போகாத மனிதர். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதன்பின் படுப்பதும் இல்லை; ஹஸ்ஸான் சும்மா இருக்கும் நேரம் பார்த்து ஜாக்கி போடச் சொல்வார்.

போன கார்த்திகையில் சிறுமலைக்கு வாடகைக் கார் ஓட்டும் பெருமாள்சாமி, மனைவியோடு வந்து நின்றார். ஹஸ்ஸான் ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஹக்கீம் நான்கு டயர்களையும் தடவினார்.

"பின்னால உள்பக்கமும் பாத்துருங்க பாய். மலை ஏறணும்."

சாலைக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்களின் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. வேலைக்கு நடுவில் ஜாக்கி போடக் கூப்பிட்டால், படுத்துப் பார்த்தால் என்ன என்று ஹஸ்ஸான் கேட்பான். ஹக்கீம் ஸ்டூலிலிருந்தே குனிந்து, எட்டியவரை தொட்டார். எட்டியது வெளி ஓரமும் நடுவும்தான். நிமிர்ந்து, "நல்லாருக்கு. தாராளமா ஏறு" என்றார்.

அடுத்த வாரம் பெருமாள்சாமி தனியாக வந்தார். மலைப்பாதையில் இடப்பக்கப் பின் டயர் வெடித்துக் கார் மலைப்பக்கச் சுவரில் மோதியிருந்தது. மனைவிக்கு வலது கை ஒடிந்து, பிளேட் வைத்திருந்தார்கள்.

"அந்தப் பக்கம் இழுத்திருந்தா பள்ளம் பாய். உசுரோட இருக்கோம், அது போதும்." ஸ்டூலருகே வந்து நின்றார். "கார் ஸ்டாண்டுல ஒருத்தன், கண்ணு தெரியாதவர்ட்ட டயரக் காட்டுனா இப்படித்தான்னு இளிக்கிறான். சட்டையப் புடிச்சிட்டேன். பாய் கை வச்சா வச்சதுதாண்டா, ஆணி ஏறுனதுக்கு அவரு என்ன பண்ணுவாருன்னு கேட்டேன்."

ஹக்கீம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதுல அந்த டயரத் திரும்பிக்கூடப் பாக்கல. மெக்கானிக் கழட்டிப் போட்டது டிக்கியில கெடக்கு. தேறுமான்னு பாரு தம்பி."

ஹஸ்ஸான் டயரை இறக்கி உருட்டி வந்தான். உருளும் சத்தம் பாதி வழியில் நின்றது. 

"என்ன, ஆணிதானே?" என்றார் பெருமாள்சாமி.

"ஆமாண்ணே. ஆணிதான்." ஹஸ்ஸானின் பதில் வேகமாக வந்தது. மாமாவுக்காக அவன் சொல்லி ஹக்கீம் கேட்ட முதல் பொய் அது.

"இங்க கொண்டா."

"விடுங்க மாமு, நான் பாத்துட்டேன்ல."

"கொண்டான்னேன்."

டயர் அவர் முழங்காலில் வந்து சாய்ந்தது. வெளி ஓரத்தில் பட்டன், அந்த ரப்பர்க் கட்டை வரிசை, தேயாமல் இருந்தது, நடுவிலும் காடி ஆழமாகவே இருந்தது. விரல்கள் உள் ஓரத்துக்கு இறங்கின. ரப்பர் மொழுமொழுவென்றாகி, பிறகு நூலாகி, பிறகு கம்பியாகிக் குத்தியது. ஆணிக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. கண்ணில்லாதவனும் தவறவிட முடியாத இடம்.

ஹஸ்ஸான் இருமினான். பெருமாள்சாமி இன்னும் அந்த ஸ்டாண்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். "உங்களப் பத்தி அவனுக்கு என்ன பாய் தெரியும்?"

"பெருமாளு" என்று ஹக்கீம் கூப்பிட்டார்.

"சொல்லுங்க பாய்."

ஹக்கீம் ஸ்டூலில் திரும்பினார். குரல் வந்த திசையில் கையை நீட்டித் துழாவி, பெருமாள்சாமியின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையை டயருக்குப் பின்னால் கொண்டுபோய், ஆள்காட்டி விரலைப் பிரித்துக் கம்பிகளின்மேல் வைத்து அழுத்தினார். பெருமாள்சாமி கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். ஹக்கீம் விடாமல், அந்த விரலைக் கம்பிகளின்மேல் ஓரம் முழுக்க நகர்த்திக்கொண்டே போனார்.